லாசர் உபதேசியார் பெயருக்கு வந்த பதக்கம்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. நான் இப்போது சொல்லப் போகிற சங்கதியை நானே முப்பது வருடத்துக்கும் மேலாகச் சந்தேகப்பட்டு வந்தவன். ஒரு நாள் நம்புவேன். மறுநாள் பல் துலக்கும்போதே, இருக்காது, எனக்குச் சொன்னவன் புளுகியிருப்பான் என்று தோன்றும். அதனால் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று கேட்க மாட்டேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பதக்கம் இதோ மேசைமேல்தான் இருக்கிறது. எங்கும் ஓடிப்போகாது.

உங்கள் தாத்தாவுக்கு நூறாவது பிறந்தநாள். மறைமாவட்டத்து மேற்றிராணியார் வந்து பூசை வைக்கிறார். பீடத்துக்குப் பக்கத்தில் தாத்தாவின் படம், படத்துக்குக் கீழே பாப்பரசர் கொடுத்த பதக்கம். அதற்காகப் பெங்களூரிலிருந்து இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்திருக்கிறீர்கள். போனில் நீங்கள் கேட்டதுமே எடுத்துக் கொடுத்திருக்க வேண்டியவன்தான் நான். உங்கள் அப்பா சவரிராஜ் அண்ணன் சாகும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்றீர்கள். "எங்கப்பாவோட குழிக்குள்ளேர்ந்து திருடிட்டான், பாவி" என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார் என்றீர்கள்.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

என்னிடம் எண்பத்தாறு பதக்கங்கள் இருக்கின்றன. எல்லாம் திருச்சபைக்கு உழைத்தவர்களுக்கு ரோமாபுரியிலிருந்து வந்தவை. அதோ அந்தச் சிலுவை, ஐம்பது வருடம் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஒரு கன்னியாஸ்திரியுடையது. அவர் அதை ஒருநாள்கூட அணிந்ததில்லை. மடத்துத் தையல் பெட்டியில் ஊசிகளோடு கிடந்தது. அந்த நட்சத்திரம் ஒரு தோல் ஷாப் முதலாளியுடையது. அவர் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார் என்று அவருடைய சம்சாரமே என்னிடம் சொல்லிச் சிரித்தது. திண்டுக்கல்லில் தபால் பிரிக்கிற ஆர்.எம்.எஸ். வேலையில் இருந்தவன் நான். முதலில் தபால்தலை சேர்த்தேன். பிறகு இதில் இறங்கிவிட்டேன். எனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். பதக்கம் வாங்கியவர் இறந்துவிட்டால் முப்பதாம் நாள் பூசை முடியும்வரை அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். முப்பதாம் நாள் போவேன், ஜெபிப்பேன், சாப்பாட்டுக்கு உட்காருவேன், வெற்றிலை போடும் நேரத்தில்தான் பேச்சை எடுப்பேன். அதற்கு மேலும் தாமதித்தால் பழைய பாத்திரக்காரன் கொண்டுபோய்விடுவான். நான் எடுத்துக்கொண்டால் பத்திரமாக இருக்கும். இதில் என்ன தவறு? ஒருவரும் குறை சொன்னதில்லை.

இந்தப் பதக்கத்துக்கு மட்டும் நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. அதுவே என்னைத் தேடிக்கொண்டு வந்தது.

தொண்ணூற்றிரண்டாம் வருடம், தவக்காலம். எனக்கு இருபத்தாறு வயது. டூட்டி முடிந்து காலையில் சம்மனசூருக்கு வருகிறேன், வீட்டுப் படிக்குக் கீழே மதலைமுத்து நிற்கிறான். உங்களுக்கு நினைவிருக்காது. நம் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தவன். காலனிக்காரன். உள்ளே கூப்பிடவில்லையா என்று கேட்டுவிடாதீர்கள். கூப்பிடுகிற வழக்கம் இல்லை, அவனும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை.

"ஐயா ரோமாபுரிக் காசெல்லாம் படிப்பீங்களாமே. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லணும்" என்றான்.

"காசில்லடா, மெடலு. எங்க, காட்டு."

அவன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவன். அப்போதெல்லாம் அப்படித்தான் பேசுவோம்.

மடித்த துணியை விரித்தான். வட்டமான வெள்ளிப் பதக்கம், ஒரு பக்கம் அன்றைய பாப்பரசர் முகம், மறுபக்கம் இலைக் கிரீடத்துக்குள் லத்தீனில் ஒரு வாசகம், மஞ்சளும் வெள்ளையுமாக ரிப்பன். நம் ஊரில் இதை வாங்கியவர் ஒரே ஒருவர்தான். அறுபத்திரண்டில் உங்கள் தாத்தா லாசர் உபதேசியார். சாமியார் இல்லாத நாட்களில் கோயிலில் ஜெபம் நடத்தியவர், நோயாளிக்கும் சாவுக்கும் முதலில் போய் நின்றவர். ஊருக்கே தெரியும்.

"இது ஒனக்கு எப்படிடா கெடச்சுது?"

"எங்கப்பாவுதுங்க."

நான் சிரித்துவிட்டேன். "ஒங்கப்பனுக்கு பாப்பரசர் மெடல் அனுப்புனாராக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "உபதேசியாருக்குத்தான் அனுப்புனாரு. உபதேசியாரு எங்கப்பாவுக்குக் குடுத்துட்டாரு."

நான் படியில் உட்கார்ந்தேன். அவன் நின்றபடியே சொன்னான். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதைத்தான் இத்தனை வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாந்திபேதி வந்த வருடம் உங்களுக்குக் கேள்விப்பட்ட கதையாக இருக்கும். பத்தொன்பது நாளில் நாற்பத்தொரு பேர். சாமியாரே படுத்துவிட்டார். உங்கள் தாத்தாதான் ஓடவில்லை. ஒவ்வொரு குழிக்கும் வந்து நின்று மந்திரம் சொல்லி, செத்தவர்களின் பெயரைப் புத்தகத்தில் எழுதினார். அந்தப் புத்தகம் இப்போதும் சாமியார் பங்களாவில் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். முத்துமுத்தான எழுத்து. அதற்காகத்தான் மேற்றிராணியார் ரோமாபுரிக்கு எழுதினார். இறந்தவர்களை அச்சமின்றி நல்லடக்கம் செய்தவர் என்று. இதுவரை ஊர் சொல்வதும் மதலைமுத்து சொன்னதும் ஒன்றுதான்.

அதற்கு மேல் அவன் சொன்னது இது. அந்த நாற்பத்தொரு பேரையும் கழுவியது, துணி சுற்றியது, தூக்கியது, குழி வெட்டியது, இறக்கியது எல்லாம் அவன் அப்பா. ஒற்றை ஆள். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் காலனியைப் பிரிக்கிற அந்தச் சுவர் இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கமும் அவர்தான், அந்தப் பக்கமும் அவர்தான். மேலத்தெரு வீடுகளில் சொந்தப் பிள்ளைகளே பிணத்தைத் தொடப் பயந்து நின்றார்களாம். அவன் அப்பா நடு வீட்டுக்குள் போய்த் தூக்கி வந்திருக்கிறார். "பத்தொம்பது நாளு எல்லா வீட்டுக்குள்ளயும் எங்கப்பா போயி வந்தாருங்க. இருவதாம் நாளு யாரும் சாவல. இருவதாம் நாள்லேர்ந்து மறுபடி வாசலுதான்" என்றான். குறையாகச் சொல்லவில்லை அம்மா. இன்று மழை பெய்தது என்கிற மாதிரிச் சொன்னான்.

அறுபத்திரண்டில் பதக்கம் வந்தது. மேற்றிராணியார் உங்கள் தாத்தாவின் சட்டையில் குத்தினார். சப்பரம், மேளம், பொங்கல் எல்லாம் நடந்தன. மறுநாள் சாயங்காலம் உங்கள் தாத்தா தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாராம். சுவரைத் தாண்டி அந்தப் பக்கம். அங்கே அவன் அப்பா முள் வெட்டிக்கொண்டிருந்தார். பத்து வயதுப் பிள்ளையாக அவனும் கூட இருந்திருக்கிறான்.

"எங்கப்பா அவரப் பாத்ததும் தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிட்டாருங்க. வழக்கம் அதான. உபதேசியாரு, 'துண்ட மேல போடுப்பா'ன்னாரு. எங்கப்பா போடல. மறுபடியும் சொன்னாரு. போடல. அவரே எங்கப்பா இடுப்புலேர்ந்து துண்ட உருவி, ஒதறி, தோள்ல போட்டு, பையிலேர்ந்து இத எடுத்து அதுல குத்துனாரு."

"ஏன் துண்டுல குத்துனாரு?"

"எங்கப்பாகிட்ட சட்ட ஏதுங்க?"

"அப்புறம்?"

"எங்கப்பா அழுதாரு. உபதேசியாரு, 'யாருட்டயும் சொல்லாத'ன்னாரு. போயிட்டாரு. இப்ப ரெண்டு பேரும் இல்ல. அதான் என்ன எழுதியிருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

'தகுதியுள்ளவருக்கு' என்று எழுதியிருக்கிறது அம்மா. அவ்வளவுதான். யாருக்கு என்று இருக்காது. அது கூட வருகிற காகிதத்தில்தான் இருக்கும், அது உங்கள் வீட்டில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நான் அவனிடம் முழுவதும் சொல்லவில்லை. "சாமி வாசகம்டா" என்றேன். பிறகு, "இத ஒன் வீட்ல வச்சிருந்தா வம்பு. எவனாவது பாத்தா எங்க எடுத்தன்னு கேப்பான். என்கிட்ட இருக்கட்டும்" என்றேன். உண்மைதானே? வம்பு வரத்தானே செய்தது?

சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் திருஇருதய ஆண்டவர் படம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன். பெரிய படம், பித்தளைச் சட்டம், நெஞ்சில் சிவப்பு பல்பு எரியும். வேளாங்கண்ணியில் வாங்கியது. அவன் படத்தையும் பார்த்தான், என் கையில் இருந்ததையும் பார்த்தான். படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். காலனிக்கு அப்போது கரண்ட் வரவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கே சந்தேகம் தொடங்கிவிட்டது. லாசர் உபதேசியார் அப்படிச் செய்வாரா? நல்லவர்தான். ஆனால் வழக்கம் மீறாதவர். நற்கருணைக்கு வரிசை நிற்கும்போது மேலத்தெரு முதலில், காலனி பிறகு என்று நிறுத்தியவரே அவர்தான். அவர் போய்த் துண்டைத் தோளில் போடுவாரா? என் புத்தி இல்லை என்றது. என் கண் வேறு சொன்னது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஊசியின் மூட்டில் நூல் சிக்கியிருந்தது. சட்டை நூல் இல்லை. தடிமனான, பழுப்பேறிய துண்டு நூல். அதைச் சாமணத்தால் பிடுங்கிப் போட்டுவிட்டேன். சுத்தம் செய்வது வழக்கம்தானே. துண்டில் சுற்றி வைத்திருந்ததால் ஒட்டியிருக்கும் என்று முடிவு கட்டினேன். உங்கள் வீட்டில் எடுபிடி வேலைக்கு வந்தபோது எடுத்திருப்பான் என்றுகூட நினைத்தேன். அதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. நினைத்தேன், அவ்வளவுதான்.

நான்கு வருடம் கழித்து உங்கள் பாட்டி இறந்தார்கள். குடும்பக் கல்லறையைத் திறந்தார்கள். உங்கள் தாத்தாவின் எலும்புகளை ஒதுக்கிவிட்டுப் பாட்டியை இறக்க வேண்டும். திறந்தவன் மதலைமுத்து. உங்கள் அப்பா குனிந்து பார்த்து, "மெடல் எங்கடா?" என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அடக்கத்தின்போது தாத்தாவின் நெஞ்சில் பாப்பரசர் பதக்கத்தைக் குத்தித்தான் புதைத்தோம் என்று அவருக்கு அழுத்தமான நினைவு. உள்ளே ஜெபமாலை மணிகள் கிடந்தன, கறுத்துப்போன நீள்வட்டத் தகடு ஒன்று கிடந்தது. பதக்கம் இல்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பேரவை கூடியது. சாமியார் பங்களா வராந்தா. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். உங்கள் அப்பா அடக்கத்தன்று எடுத்த போட்டோவைக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் தாத்தா, சுற்றிலும் குடும்பம், நெஞ்சில் ஏதோ தொங்குகிறது. "செங்கோலு, நீதான் இதுல கெட்டிக்காரன். பாத்துச் சொல்லு, இது அந்த மெடல்தான?" என்று என்னிடம் நீட்டினார்.

அம்மா, இதை உங்கள் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் இல்லை, உங்களிடம் சொல்கிறேன்.

போட்டோவைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது நீள்வட்டம். பாப்பரசர் பதக்கம் வட்டம். திருஇருதய சபையில் இருந்தவர்களைச் சபை மெடலோடுதானே புதைப்பார்கள்? உங்கள் தாத்தா முப்பது வருடம் சபைத் தலைவர். சபைக்காரர்கள் வந்து குத்தியிருக்கிறார்கள். அழுதுகொண்டு நின்ற மகன் அதைப் பாப்பரசர் பதக்கம் என்று மனதில் வைத்துக்கொண்டார். குழிக்குள் கிடந்த கறுத்த தகடும் அதுதான். வேறு ஊரில் இந்தத் தவறு நடக்காது. நெஞ்சில் மெடல் குத்திப் புதைக்கிற ஊரில்தான் நடக்கும். இன்னொன்றும் தெரியும். என் வீட்டு மேசையில் இருந்த பதக்கத்தின் ரிப்பன் புதுத் துணி மாதிரி இருந்தது. பன்னிரண்டு வருடம் மண்ணுக்குள் இருந்தால் ரிப்பன் ஏது? அந்த வராந்தாவில் இருந்தவர்களில், அவன் குழிக்குள்ளிருந்து எதையும் எடுக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நான், "இருக்கலாம்" என்றேன்.

ஒரே சொல். ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. இருக்கலாம்.

உண்மையைச் சொன்னால் பதக்கம் என்னிடம் இருப்பதைச் சொல்ல வேண்டும். சொன்னால் கொடுத்துவிட வேண்டும். இதெல்லாம் அப்போது யோசித்துச் செய்ததில்லை. வாயில் அந்தச் சொல் வந்தது. பிறகு பல வருடம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவன் சொன்ன கதையிலேயே எனக்குச் சந்தேகம் இருந்ததே, சந்தேகம் இருக்கிற ஒன்றை எப்படிச் சபையில் சொல்வது என்று. அவன் கதையை நான் எவ்வளவு சந்தேகப்பட்டேனோ அவ்வளவு எனக்கு நிம்மதி. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இருபது வருடம் ஆயிற்று.

மதலைமுத்து வராந்தாவுக்குக் கீழே வெயிலில் நின்றான். "எடுத்தியாடா?" என்று கேட்டார்கள். "எடுக்கலைங்க" என்றான். "அப்ப மெடல் எங்க?" என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். என் பெயரை இப்போது சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். பேனா நிப் தாளில் அழுந்தி மை ஊறியது. அவன் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சாவியை மடியிலிருந்து எடுத்துப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். அவன் வேலையிலிருந்து நீக்கப்பட்டான் என்று தீர்மானத்தை நான்தான் எழுதினேன். அடுத்த மாதம் குடும்பத்தோடு வத்தலக்குண்டுக்குப் போய்விட்டான். அங்கே கிணறு வெட்டினான். மகள் படித்து நர்ஸ் ஆகிவிட்டது. ஒரு வகையில் அவர்களுக்கு நல்லதாகத்தான் போயிற்று என்று நான் சொல்லுவதுண்டு. நீங்கள் என்னை அப்படிப் பார்க்காதீர்கள்.

ஆவி பேயெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்த வருடக் கல்லறைத் திருநாளிலிருந்து ஒன்று நடக்கிறது. நவம்பர் இரண்டு, சாயங்காலம், எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு சுவர் ஓரமாக வருவார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்பார். முதுகுதான் தெரியும். மேல்சட்டை இல்லை. தோளில் துண்டு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் யாரோ காலனிக்காரர் என்றுதான் முதல் வருடம் நினைத்தேன். இப்போது காலனியில் யார் மேல்சட்டை இல்லாமல் வருகிறார்கள்? பையன்கள் என்னைவிட நல்ல சட்டை போடுகிறார்கள். நான் பார்க்கப் பார்க்க அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். ஏதோ எங்கள் பக்கத்திலிருந்து ஆள் வருவதை உணர்ந்த மாதிரி. பிறகு இருக்க மாட்டார். பார்த்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கண் டாக்டரிடம் போனேன், புரை தொடங்கியிருக்கிறது என்றார். ஆபரேஷன் செய்துகொண்டேன். அடுத்த நவம்பரில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

சிரிக்கலாம் அம்மா. நானே சிரித்திருக்கிறேன்.

போன மாதம் நீங்கள் போன் செய்தீர்கள். பதக்கம் என்னிடம் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். விலை சொன்னால் தருகிறேன் என்றீர்கள். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். மறுநாள் இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. நர்சம்மா வீடு என்றதும் காட்டினார்கள். மாடி வீடு. மகள் பிலோமி கதவைத் திறந்தது. டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. பெயரைச் சொன்னேன்.

"ஓ, பல்புப் படம் குடுத்தவரா?" என்றது. "இங்க வந்து கரண்டு இழுத்ததும் மொத வேலையா அதத்தான் மாட்டுனோம். எரியல."

"பல்பு மாத்தணும்மா" என்றேன்.

"மாத்தியும் பாத்தாச்சு." உள்ளே திரும்பி, "அப்பா, சம்மனசூர்லேர்ந்து ஆளு வந்திருக்கு. சாவி எதும் தொலஞ்சிருச்சான்னு கேளுங்க" என்றது. பையை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்து மூன்று வயது. எழுந்திருக்கவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து அதுவரை பேசியதில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பதக்கத்தை எடுத்து ஸ்டூலில் வைத்தேன். அவர் கையில் எடுத்தார். கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, கட்டைவிரலால் தடவினார். பாப்பரசர் முகத்தை ஒரு தரம், இலைக் கிரீடத்தை ஒரு தரம். ரிப்பனைத் திருப்பி ஊசி மூட்டைத் தொட்டார். அங்கே கொஞ்ச நேரம் விரல் நின்றது. நூல் இல்லை என்று தெரிந்திருக்குமா? கேட்கவில்லை.

"அன்னைக்கி வராந்தாவுல நீங்க ஏன் என் பேரச் சொல்லல?" என்றேன். இருபத்தெட்டு வருடமாக வைத்திருந்த கேள்வி.

"சொல்லியிருந்தா?"

"உண்மை வெளிய வந்திருக்கும்."

"எழுதுறவரு நீங்க. நான் சொன்னா நீங்கதான எழுதணும்" என்றார். கோபமே இல்லை. "ரெண்டு திருடன்னு எழுதியிருப்பீங்க, இல்ல என்னய ரெண்டு தடவ எழுதியிருப்பீங்க."

பிறகு நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். பேத்தி கேட்கிறது, நூறாவது பிறந்தநாள், மேற்றிராணியார் பூசை, எல்லாம். "இது உங்களோடது. நீங்க வச்சுக்குறதுன்னாலும் சரி, குடுக்கச் சொன்னாலும் சரி" என்றேன். அதைச் சொல்லும்போதுகூட, வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு நடுக்கம் எனக்கு. அந்தப் புத்தி போகவில்லை அம்மா.

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்று, குடம் பிடித்து முடித்து, போயிற்று.

"அந்தப் புள்ளைக்கே குடுங்க" என்றார். "அவங்க தாத்தா நல்ல மனுசரு. அவரு பேருக்குத்தான வந்துச்சு. பூசையில வைக்கட்டும். ஆனா ஒண்ணு. குடுக்கும்போது நடந்தது என்னன்னு சொல்லிக் குடுக்கணும். அவரு இத யாருக்குக் குடுத்தாருன்னு மேற்றிராணியாரு முன்னாடி அந்தப் புள்ள மைக்குல சொல்லணும். சொல்லுமா?"

"சொல்லச் சொல்றேன்."

"எப்படிச் சொல்லும்? நீங்க சொல்லிக் காட்டுங்க. கேக்குறேன்."

வாசகம் என் மனதில் தயாராகவே இருந்தது. பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். "வாந்திபேதி வந்த வருசம், பத்தொம்பது நாள்ல நாப்பத்தொரு பேர நல்லடக்கம் செஞ்சதுக்காக பாப்பரசர் தனக்கு அனுப்புன இந்தப் பதக்கத்த, எங்க தாத்தா லாசர் உபதேசியாரு, மறுநாளே கல்லறைத் தோட்டத்துக்குப் போயி, தன் கையால..." என்றேன்.

அதற்கு மேல் வரவில்லை. அவர் முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். அவர் அப்பா அந்த மண்ணில் புதைத்த நாற்பத்தொரு பேரின் பெயரும் உங்கள் தாத்தாவின் புத்தகத்தில் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடமாக இந்தக் கதையை எனக்குள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், சந்தேகப்பட்டிருக்கிறேன், சுவர் ஓரம் அந்த முதுகைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். வாசற்படியில் உட்கார்ந்து அவரிடம் எத்தனையோ கேட்டேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன், ஏன் துண்டில் குத்தினார் என்று கேட்டேன், அப்புறம் என்ன என்று கேட்டேன்.

என் நாற்காலியை அவர் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன்:

"உங்க அப்பா பேரு என்னங்க?"